காகிதமா, கருவியா, காதா?

சென்ற மாதம் நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். பண்டிகையை முன்னிட்டுக் கையில் கொஞ்சம் பணம் வந்திருக்கிறதாம். வீட்டாருக்குப் படிப்பதற்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்க வேண்டுமென்பது அவருடைய உத்தேசம். “அச்சுப் புத்தகங்களாக வாங்குவதா, மின்னூல் படிக்கும் கருவி ஒன்று வாங்குவதா, காதால் கேட்கும் ஒலிநூல்களுக்குச் சந்தா கட்டுவதா? என் மனைவி ஒன்று சொல்கிறாள்; மகன் வேறொன்று சொல்கிறான்; மாமனார் இரண்டையும் மறுத்து மூன்றாவதைச் சொல்கிறார். தாங்கள் பள்ளிக்கூட ஆசிரியர், புத்தகங்களோடு பழகியவர். தங்கள் தீர்ப்பு எதுவோ அதன்படி நடக்கச் சித்தமாயிருக்கிறேன்” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

நீதிபதியின் ஆசனம் யாருக்குத்தான் கசக்கும்? மூன்று ஆண்டுகளுக்கு முன் இக்கடிதம் வந்திருந்தால், “அச்சுப் புத்தகமே படிப்பு, மற்றவை வேடிக்கை” என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதித் தபாலில் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். இப்பொழுது அப்படி எழுதக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லப் புகுந்தால் நம்முடைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள நேரும். நேரட்டும், ஆசிரியர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வது அடிக்கடி நடக்கும் காரியமல்ல.

நம் வீட்டு அலமாரியில் தடித்த புத்தகங்கள் சில இருக்கின்றன. கடையில் வாங்கியவை அல்ல. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதையாக வெளிவந்தபோது, நம் பாட்டியார் வாரந்தோறும் அந்தப் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து, கடைசியில் பைண்டு செய்து வைத்தவை அவை. மணியம் அவர்களின் சித்திரங்கள் அப்படியே இருக்கின்றன. ஓரங்களில் பாட்டியாரின் பென்சில் எழுத்தில் பால் கணக்கு இருக்கிறது. பழுவேட்டரையர் கோபிக்கும் பக்கத்தில், ‘செவ்வாய் அரைப்படி, புதன் பால் இல்லை’ என்று எழுதியிருக்கும். நம் தாயார் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது இந்தப் புத்தகத்தில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துப் படிப்பு நின்றுபோன பிறகும் அவர் படிப்பு நிற்கவில்லை. அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில், கொடியில் துணி உலரும் நேரத்தில், வீட்டாரெல்லாம் தூங்கிய பிறகு, படித்துக்கொண்டே இருந்தார். இந்த நாவலை எத்தனை முறை படித்தார் என்று கேட்டால், “எண்ணிக்கொண்டா படிப்பார்கள்?” என்பார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அவர், “இந்தப் பத்திரிகைக்காரர்கள் நடு நடுவே மையைச் சிக்கனம் செய்கிறார்கள்போல் இருக்கிறது, வரிக்கு நடுவில் எழுத்தே விழவில்லை” என்றார். நாம் பத்திரிகையைப் பார்த்தோம். எழுத்து நன்றாகவே விழுந்திருந்தது. கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவருகிறது, முதுமையில் சிலருக்கு வரும் வியாதி இது என்று அவர் விளக்கினார். இந்த வியாதியில் பக்கத்துப் பார்வை மிஞ்சும், வீட்டிற்குள் நடமாடலாம், வாசற்படியில் தடுக்கி விழமாட்டார்கள். ஆனால் எதை நேராக உற்றுப் பார்க்கிறார்களோ அது மறையும். எதிரே நிற்கிறவரின் முகமும், கையில் பிடித்த புத்தகத்தின் எழுத்தும் அந்த நடுப்பகுதியில்தானே விழவேண்டும்!

அப்போதுதான் முதன்முதலாக நம் வீட்டிற்குள் மின்னூல் கருவி நுழைந்தது. அதைப் பற்றி நமக்கு அதுவரை மதிப்பில்லை. கைப்பேசிக்குத் தம்பி என்று நினைத்திருந்தோம். அப்படியல்ல என்பது பழகிய பிறகு தெரிந்தது. கைப்பேசியின் திரை விளக்கைப்போல் நம் கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. இந்தக் கருவியின் திரையிலோ மையே இருக்கிறது. மயிரிழை அளவுள்ள நுண்ணிய குமிழிகள் திரை முழுவதும் நெருங்கப் பரவியிருக்கின்றன. ஒவ்வொரு குமிழிக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. ஒன்று நேர் மின்னேற்றம் கொண்டது. மற்றது எதிர் மின்னேற்றம் கொண்டது. மின்சாரத்தின் திசையை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றொன்று கீழே போகும். மேலே வந்த கறுப்பு எழுத்தாகிறது, வெள்ளை காகிதமாகிறது. ஒரு முறை எழுத்து அமைந்துவிட்டால் அதை அப்படியே நிறுத்திவைக்க மின்சாரம் வேண்டாம். பக்கத்தைத் திருப்பும்போதுதான் வேண்டும். ஆகையால் ஒரு முறை மின்னேற்றினால் பல நாட்களுக்கு வருகிறது. அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இந்த மின்மையை ஆராய்ந்தவர்கள் 1997 ஆம் ஆண்டில் இதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 2004 ஆம் ஆண்டில் ஜப்பானில் சோனி கம்பெனி இத்தகைய திரையுள்ள கருவி ஒன்றை விற்றது. 2007 நவம்பரில் அமேசான் கம்பெனியின் கிண்டில் 399 டாலர் விலையில் வெளிவந்து ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. நம் தமிழுக்கு அந்தக் கடையில் முறையாக இடம் கிடைத்தது 2016 ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பல கருவிகளில் தமிழெழுத்துப் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கொம்பு ஒரு பக்கம் நிற்கும், கால் ஒரு பக்கம் கிடக்கும், நடுவில் உயிரெழுத்து ஏது, மெய்யெழுத்து ஏது என்று நாம் பஞ்சாயத்துச் செய்யவேண்டும்.

தாயாருக்கு இந்தக் கருவியினால் உண்டான பெரிய லாபம், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது. அச்சுப் புத்தகத்தில் அச்சுக்கோப்பவர் வைத்ததே எழுத்து. இங்கே படிப்பவர் கேட்ட அளவு எழுத்து. கல்கியின் நூல்களைத் தமிழக அரசு 1999 ஆம் ஆண்டில் நாட்டுடைமையாக்கிவிட்டபடியால், ‘பொன்னியின் செல்வ’னைக் காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ள முடிந்தது. 1998 ஆம் ஆண்டுப் பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் இதைப் போன்ற எத்தனையோ தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். உலகெங்குமுள்ள தமிழன்பர்கள் கூலியில்லாமல் செய்த வேலை அது. அவர்கள் இருக்கும் திசையை நோக்கி ஒரு கும்பிடு போட்டோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பல இணையத்தில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்த நிலையில் இருக்கின்றன. படத்தில் உள்ள எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே பெரிதாகும். வரியின் முனையைத் தேடித் திரையை இழுத்துக்கொண்டே போகவேண்டும். முதியவர்களுக்காகக் கருவி வாங்குகிறவர்கள், அவர்கள் விரும்பும் நூல்கள் தட்டெழுத்தாகக் கிடைக்கின்றனவா, படமாகக் கிடைக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓராண்டுக் காலம் தாயாருக்குக் கருவி உதவியது. எழுத்து வர வரப் பெரிதாயிற்று. கடைசியில் ஒரு வரிக்கு இரண்டு சொல் நின்றது. “ஒரு வாக்கியத்தைப் படிப்பதற்குள் நாலு தடவை பக்கம் புரட்டுகிறேன், எழுவாய் அந்தப் பக்கம், பயனிலை இந்தப் பக்கம்” என்று சிரித்தார். சில மாதங்களில் அந்த இரண்டு சொல்லும் தெரியாமற்போயின.

இனிமேல்தான் நம் குற்றம் வருகிறது.

ஒலிநூல் என்று ஒன்று உண்டென்பது நமக்குத் தெரியாததல்ல. பிறர் படித்துப் பதிவு செய்து வைத்திருப்பதைக் கைப்பேசியில் போட்டுக் கேட்கலாம் என்று பலர் சொன்னார்கள். நமக்கு அதில் சம்மதமில்லை. வகுப்பில் எத்தனையோ முறை, “கேட்பது பொழுதுபோக்கு, படிப்பதுதான் படிப்பு” என்று பிரசங்கம் செய்திருக்கிறோம். அந்தக் கௌரவம் என்னாவது? ஆகையால், “அம்மா, தினமும் மாலையில் நானே படித்துக் காட்டுகிறேன்” என்று வாக்களித்தோம். முதல் வாரம் ஏழு நாளும் படித்தோம். இரண்டாவது வாரம் நான்கு நாள். பிறகு காலாண்டுப் பரீட்சை வந்தது, விடைத்தாள் வந்தது, கல்யாணம், காய்ச்சல், கூட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. தாயார் ஒரு நாளும் கேட்டதில்லை. “உனக்கு வேலை இருக்கும், போ” என்று மட்டும் சொல்வார். அந்தச் சொல்லை அனுமதியாக எடுத்துக்கொண்டோம்.

நம் பொறுப்பு நம் புதல்வன் தலையில் இறங்கிற்று. பத்து வயதுப் பையன். தமிழ் படிப்பது அவனுக்குச் செங்குத்தான மலை. அத்தியாயத்திற்கு ஐந்து ரூபாய் என்று பாட்டியும் பேரனும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாலாவது நாளே பையன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான்; வருணனை வரும் இடத்தை விட்டுவிட்டுப் பேச்சு வரும் இடத்திற்குத் தாவிவிடுவான். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் வீராணத்து ஏரிக்கரையில் குதிரை மேல் வருகிறானல்லவா? பையன் குதிரையை மட்டும் ஓட்டினான்.

“ஏரியை எங்கேடா காணோம்?” என்றார் பாட்டி.

“எந்த ஏரி பாட்டி?”

“வீராண ஏரிடா! அவ்வளவு பெரிய ஏரியை ஒரே வாயில் குடித்துவிட்டாயே! ஐந்து ரூபாயில் இரண்டு ரூபாய் பிடித்தம்.”

அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைக் கேட்பதற்கே இந்த வயதில் அவர் கூலி கொடுக்க வேண்டியிருந்தது என்பது அப்போது நம் மனத்தில் படவில்லை. புதிய புத்தகம் எதையும் அவர் தொட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். பிறவியிலேயே பார்வையில்லாதவர், நம்மிடம் ஐந்து ஆண்டு தமிழ் படித்தவர், இப்பொழுது பாங்கியில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார். உள்ளே பையன் தடுக்கித் தடுக்கிப் படிப்பது அவர் காதில் விழுந்தது. விவரம் கேட்டார். சொன்னோம்.

“பாட்டிக்கு ஒலிநூல் போட்டுக் கொடுக்கலாமே, சார்?”

“போடலாம். ஆனால் அது படித்ததாகுமா, தம்பி?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மிகவும் மரியாதையாக, “சார், உங்கள் வகுப்பில் நான் எல்லாப் பாடத்தையும் காதால்தான் வாங்கிக்கொண்டேன். கல்லூரியிலும் அப்படித்தான். அப்படியானால் நான் படித்தவனா, இல்லையா?” என்று கேட்டார்.

இருபத்தைந்து ஆண்டு ஆசிரியத் தொழிலில் மாணவர்கள் நம்மை எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். விடை தெரிந்தும் வாய் திறக்க முடியாமற்போன கேள்வி இது ஒன்றுதான்.

அன்றிரவு யோசித்துப் பார்த்தோம். திருக்குறளில் ‘கல்வி’ நாற்பதாவது அதிகாரம், ‘கல்லாமை’ அதற்கடுத்தது, உடனே ‘கேள்வி’ வருகிறது. இந்த வரிசையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம். எழுதினோமே தவிர அதில் என்ன இருக்கிறதென்று பார்த்தோமில்லை. நம் ஊர்களில் கோயில் மண்டபத்தில் ஒருவர் பாரதம் படிக்க ஊரே உட்கார்ந்து கேட்டது. திண்ணையில் ஒருவர் பத்திரிகை படிக்கத் தெருவே செய்தி தெரிந்துகொண்டது. அச்சு யந்திரம் நம்மிடம் நேற்று வந்தது. 1578 ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறு நூல் தமிழெழுத்தில் அச்சாயிற்று. காதுப் படிப்போ அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தது.

மேல்நாட்டிலும் ஒலிநூல் கண்ணிழந்தோருக்காகவே பிறந்தது. எடிசன் 1877 ஆம் ஆண்டில் பேசும் யந்திரத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே, அதனால் ஆகக்கூடிய காரியங்களைப் பட்டியலிட்டபோது, கண்ணில்லாதவர்களுக்கான பேசும் புத்தகத்தையும் அதில் சேர்த்தார். முதல் உலக யுத்தத்தில் எத்தனையோ சிப்பாய்கள் கண்ணிழந்து திரும்பினார்கள். வயது வந்த பிறகு பிரெயில் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கப் பழகுவது எளிதல்ல. அவர்களை மனத்திற்கொண்டு இங்கிலாந்தில் 1935 ஆம் ஆண்டில் பேசும் புத்தகச் சாலை தொடங்கினார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 25 நிமிஷம் பேசும்; ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு வேண்டியிருந்தது. பிற்காலத்தில், இப்படிப்பட்ட பிரதிகளைச் செய்வதற்குப் பதிப்புரிமைச் சட்டம் தடையாயிருக்கக் கூடாதென்று 2013 ஆம் ஆண்டில் மராகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதை 2014 ஆம் ஆண்டில் உலகிலேயே முதலாவதாக உறுதி செய்த தேசம் நம் பாரத தேசம். இதை அறிந்தபோது தேசத்தைப் பற்றிப் பெருமையாயிருந்தது. நம்மைப் பற்றி அவ்வளவு பெருமையாயில்லை.

மறுநாள் தாயாருக்கு ஒலிநூல் வந்தது. கேட்டவுடன் மகிழ்ச்சியில் கண்ணீர் விட்டார் என்று நேயர்கள் எதிர்பார்க்க வேண்டாம். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, “இவனா வந்தியத்தேவன்? பல்வலிக்காரன் மாதிரி இழுக்கிறானே!” என்றார். வேறொருவர் படித்ததைப் போட்டோம். “இது பரவாயில்லை, நந்தினி பேசும்போது மட்டும் நாடகம் அதிகம்” என்றார். ஒலிநூலில் குரல்தான் காகிதம், குரல்தான் மை. அது பிடிக்காவிட்டால் கதையும் பிடிக்காது. வாங்குவதற்கு முன் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பது அவசியம். யந்திரமே தட்டெழுத்தைப் படிக்கும் வசதியும் இப்பொழுது உண்டு. செய்திக்கு அது போதும். கதை கேட்பவருக்கு அது உப்பில்லாப் பண்டம்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கைப்பேசியின் கண்ணாடியில் தடவிப் பார்க்கப் பொத்தானே கிடையாது. பார்வையற்றவர் விரலுக்கு எல்லா இடமும் ஒன்றே. இதற்குப் பரிகாரம் கண்டவன் பேரன். காதில் மாட்டும் கம்பியின் நடுவில் சிறு பொத்தான் ஒன்று உண்டு. அமுக்கினால் நிற்கும், மறுபடி அமுக்கினால் பேசும். அதன் மேல் அவன் பாட்டியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டான். விரல் பொட்டைக் கண்டுகொள்கிறது. இந்தக் காரியத்திற்கு அவன் கூலி கேட்கவில்லை.

பிறகு தாயார் ‘பொன்னியின் செல்வன்’ முழுவதையும் கேட்டு முடித்தார். ஒரு நாள் காலையில் நம்மைக் கூப்பிட்டு, “எனக்குத் தெரிந்த கதை போதும். நான் படிக்காதது ஏதாவது இருந்தால் போடு” என்றார். அன்று நமக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் வீணான இரண்டு ஆண்டுகள் மட்டும் திரும்பி வரப்போவதில்லை.

நிற்க. இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒலிநூலே சிறந்தது என்று தீர்ப்பு மாறிவிட்டதாக நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடத்தைக் காதில் மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கிறார்கள். அதற்கு நாம் உடந்தையாக மாட்டோம். கதையைக் கேட்பதும் படிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே. 2019 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையார், ஒரே கதைகளைச் சிலருக்குப் படிக்கவும் கேட்கவும் கொடுத்து மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். சொல்லின் பொருளை மூளை வாங்கிக்கொள்ளும் இடங்கள் இரண்டு வகையிலும் பெரும்பாலும் ஒத்திருந்தன. ஆனால் கணக்கையோ இலக்கணத்தையோ கேட்டுப் பாருங்கள்! குரல் நமக்காகக் காத்திருப்பதில்லை. கண் தானாக இரண்டு வரி பின்னே போய்த் திரும்பும். காதுக்கு அந்த வித்தை தெரியாது. பாடப் படிப்புக்குக் காகிதமே மேல் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 54 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2018 ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளிவந்தது. அவற்றில் கலந்துகொண்டவர்கள் 1,70,000 பேருக்கு மேல். விஷயத்தை அறிந்துகொள்வதற்கான பாடங்களைத் திரையில் படித்தவர்களைவிடக் காகிதத்தில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்; நேரம் குறைவாயிருந்தபோது வித்தியாசம் இன்னும் அதிகமாயிருந்தது. கதைப் படிப்பில் அத்தகைய வித்தியாசம் காணப்படவில்லை.

இன்னொரு விஷயம், கடைக்காரர்கள் உரக்கச் சொல்லாதது. அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நம் சொத்து. இரவல் கொடுக்கலாம், திரும்பி வராமல் வருந்தலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பேத்திக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். மின்னூல் கடையில் நாம் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் படித்துக்கொள்ளும் அனுமதி மட்டுமே. 2009 ஜூலையில், உரிமையில்லாத ஒருவர் விற்ற பிரதிகள் என்பதற்காக, வாங்கினவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களை அமேசான் அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆயினும் நம் வீட்டு அலமாரிக்குள் கடைக்காரர் கையை விட்டது விட்டதுதானே? அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று ‘1984’. ஆள்வோர் பழைய ஏடுகளை அழித்து எழுதுவதைப் பற்றிய கதை அது! 2019 ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற புத்தகங்களெல்லாம் வாங்கினவர்களிடமிருந்து மறைந்தன. அங்கும் பணம் திரும்பிற்று. ஓரத்தில் குறிப்பெழுதியிருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர் கொடுத்தார்கள். நம் பாட்டியாரின் பால் கணக்குக்கு 25 டாலர் என்று யாராவது விலை பேசினால் நாம் கொடுப்போமா? நாட்டுடைமையான நூல்களுக்கும், எவ்விதப் பூட்டுமின்றி இறக்கிக்கொள்ளும் நூல்களுக்கும் இந்தப் பயமில்லை.

ஆனால் காகிதம் சாசுவதம் என்று மார்தட்டுவதற்கும் இல்லை. பத்திரிகைக் காகிதம் மரக்கூழினால் ஆனது. அதிலுள்ள ஒரு சத்துக் காற்றும் ஒளியும் பட்டு அமிலமாகி, தாளைப் பழுப்பாக்கி நொறுக்குகிறது. பாட்டியாரின் பைண்டு புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் ஓரம் அப்பளம்போல் உதிர்கிறது. பால் கணக்கில் சில வாரம் ஏற்கெனவே போய்விட்டது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, 1887 ஆம் ஆண்டில் ‘சீவக சிந்தாமணி’யை அச்சேற்றினார். கறையானுக்கு முன்னே போய்ச் சேரவேண்டுமென்ற ஓட்டம் அது. யாழ்ப்பாணத்துப் பொதுநூலகத்தை 1981 ஆம் ஆண்டில் தீயிட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாதவை அன்றோடு போயின. அந்தத் துயரத்தை அறிந்தவர்கள் 2005 ஆம் ஆண்டு முதல் ‘நூலகம்’ என்ற பெயரில் இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவருகிறார்கள். ஓரிடத்தில் ஒரே உருவில் இருப்பது, ஓலையோ, தாளோ, கருவியோ, ஒரு நாள் போய்விடும். பல வீட்டில், பல உருவில் இருப்பதே தப்பிப் பிழைக்கும்.

ஆகையால் கடிதம் எழுதிய நேயருக்கு நம் விடை இது. பரீட்சைக்குப் படிக்கும் மகனுக்குக் காகிதப் புத்தகம் வாங்குங்கள். அவன் கோடு போடட்டும், மடித்து வைக்கட்டும். தாங்கள் அடிக்கடி ரயிலில் பிரயாணம் செய்கிறவரானால், அல்லது எழுத்துச் சிறுத்துப்போன கண் யாருக்கேனும் இருந்தால், கருவி நன்மை செய்யும். சமையலறையில் கையும் கண்ணும் வேலையாயிருக்க, காது மட்டும் சும்மாயிருக்கும் தங்கள் மனைவியாருக்கு ஒலிநூல் பொருந்தும். நினைவாகப் பாதுகாக்க வேண்டிய நூல் எதுவோ அதை அச்சில் வாங்கி வையுங்கள். பணம் முழுவதையும் ஒரே நாளில் செலவிட வேண்டாம். பக்கத்து நூலகத்தில் அங்கத்தினராவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. கடைக்குப் போகுமுன் வீட்டிற்குள் ஒரு சுற்று வாருங்கள். முன்பு படித்துக்கொண்டிருந்து, இப்பொழுது படிக்காமல் இருப்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். “உனக்கு வேலை இருக்கும், போ” என்பார். முதல் ரூபாய் அவருக்கு.

நம் வீட்டில் இப்பொழுது இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். தாயாருக்கு விளக்கு வேண்டியதில்லை. சில நாள் அந்தப் பழைய பைண்டு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, காதில் வேறு ஏதோ ஒரு நாவலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நேற்று இருட்டில் அவ்வழியே போனபோது, “யாரது? கொஞ்சம் சத்தமில்லாமல் நட. இங்கே ஒருவன் மாட்டிக்கொள்ளப் போகிறான்” என்று அதட்டினார்.

நாம் சத்தமில்லாமல் நடந்தோம்.